கெண்டைக்கால் பகுதியில்தான் நல்ல துணி

பழைய ஜீன்ஸைப் பிரித்து, பாசிமணியும் கண்ணாடியும் கண்டாங்கிச் சேலைத் துண்டும் வைத்துப் பை தைப்பது பற்றிச் செட்டிநாட்டு வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் தையல் பகுதியினர் இங்கே பதில் தருகிறார்கள். அளவுகள் எல்லாம் இன்ச்சில்.

கேள்வி: பையன்கள் கழித்துப்போட்ட ஜீன்ஸ் நாலைந்து வீட்டில் கிடக்கிறது. ஒரு ஜீன்ஸில் ஒரு தோள் பை முழுதாக வருமா? எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?
– வாசகி, காரைக்குடி

வரும். இடுப்பு 32 அல்லது 34 உள்ள, கால் நேராக இறங்கும் ஜீன்ஸாக இருக்க வேண்டும். காலோடு ஒட்டிய மாடல் என்றால் அகலம் போதாது, இரண்டு ஜீன்ஸ் தேவைப்படும்.

பலரும் தொடைப் பகுதியில் துணி அகலமாக இருக்கிறதே என்று அங்கேதான் முதல் கத்தரி வைக்கிறார்கள். உள்தொடையும் உட்காரும் இடமும் முட்டியும்தான் அதிகம் தேய்ந்த இடங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், இழை விலகி வெளிச்சம் ஊடுருவும் இடம் தெரியும். தேயாமல் இருப்பது முட்டிக்குக் கீழே, கெண்டைக்கால் பகுதி. பையின் முன் பாகமும் பின் பாகமும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

காலின் உள்பக்கம் ஓடும் தடித்த இரட்டைத் தையலை இருபுறமும் ஒட்டி வெட்டி எறிந்துவிடுங்கள். வெளிப்பக்கத் தையல் பெரும்பாலும் ஒற்றைத் தையல், விரித்து அயர்ன் செய்தால் படிந்துவிடும். அது துண்டின் நடுவில் வரட்டும். ஒவ்வொரு காலிலும் முட்டிக்குக் கீழே அகலம் 14, உயரம் 15 என்று ஒரு துண்டு. இதில் தையலுக்கான அரை இன்ச் எல்லாப் பக்கமும் அடக்கம். தொடையின் வெளிப்பக்கத்தில், காலின் நீளவாக்கில், 2 இன்ச் அகலமும் 15 இன்ச் நீளமுமாக நான்கு பட்டைகள் எடுத்தால் தோள் பட்டைக்கு ஆயிற்று. பின் பாக்கெட்டைத் தையல் பிரித்து எடுத்து லைனிங்கின் உள்ளே வைத்தால் மொபைல் வைக்கத் தனியாகப் பாக்கெட் தைக்க வேண்டியதில்லை.

லைனிங்குக்கு 36 இன்ச் அகலக் காட்டன் அரை மீட்டர் போதும். அதே 14க்கு 15 இரண்டு துண்டுகள். ஆனால் லைனிங்கின் பக்கத் தையலை அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடியுங்கள். ஜீன்ஸ் தடிமனானது, திருப்பினால் உள்ளே இடம் குறையும். லைனிங்கும் அதே அளவில் இருந்தால் உள்ளே தொளதொளவென்று சுருண்டு நிற்கும், சாவி எடுக்கப் போன கை துணியில் சிக்கும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் முன் பாகத்தில் அலங்கார வேலை முழுவதும். அடுத்து பட்டைகள். அதற்குப் பிறகே பக்கங்களும் அடியும். அடிப்பக்க மூலையை முக்கோணமாகப் பிடித்து, முனையிலிருந்து ஒன்றரை இன்ச் உள்ளே குறுக்காகக் கோடு போட்டால் அந்தக் கோடு சரியாக 3 இன்ச் நீளம் இருக்கும். அதன்மேல் இரண்டு முறை தைத்து முனையை வெட்டுங்கள். இரண்டு மூலையும் முடிந்தால் பைக்கு 10க்கு 3 இன்ச் அடித்தளம் கிடைக்கும், உயரம் பன்னிரண்டரை நிற்கும். லைனிங்கும் இப்படியே, ஆனால் அதன் அடித்தையலில் 5 இன்ச் திறந்து விடுங்கள். ஜீன்ஸ் பையை லைனிங்குக்குள் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முட்டும்படி இறக்கி, வாயைச் சுற்றித் தைத்து, அந்தத் திறப்பு வழியாக வெளியே இழுத்துத் திருப்புங்கள். திறப்பைக் கையால் மூடி, வாயைச் சுற்றி மேல் தையல் ஒன்று போட்டால் லைனிங் எட்டிப் பார்க்காது.

கேள்வி: பை தைத்து முடித்த பிறகு முன்பக்கம் பாசி வைத்துத் தைத்தேன். ஒரே மாதத்தில் வரிசை வரிசையாக உதிர்கிறது. ஒட்டிய கற்கள் அதற்கும் முன்னாலேயே போய்விட்டன. என்ன தவறு?
– வாசகி, தேவகோட்டை

பை தைத்த பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. தைத்து முடித்த பைக்குள் கை விட்டுத் தைத்தால் ஊசி நேராக இறங்காது. நூல் தளர்வாக நிற்கும், முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க முடியாது. துணி தட்டையாக மேஜை மேல் கிடக்கும்போதே பாசி வேலை முடிந்துவிட வேண்டும்.

பாசிக்கென்று விற்கும் மெல்லிய நீள ஊசி ஜீன்ஸில் வளைந்து ஒடியும். 10-ஆம் நம்பர் கைத்தையல் ஊசி 11-ஆம் நம்பர் பாசிக்குள் பெரும்பாலும் நுழையும், ஜீன்ஸையும் துளைக்கும். நுழையாத பாசியை ஒதுக்கி வையுங்கள், திருகி நுழைத்தால் உடைந்த கண்ணாடி விளிம்பு நூலை அறுக்கும். நூல் பாலியெஸ்டர்தான், காட்டன் வேண்டாம். இரட்டையாகப் போட்டு மெழுகுவர்த்தியில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். 18 இன்ச்சுக்கு மேல் நீளம் எடுத்தால் இழுக்க இழுக்கவே பாதி தேய்ந்துவிடும்.

தைக்கும் முறை: நான்கு பாசி கோத்து ஊசியை இறக்குங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் மேலே வந்து, மூன்றாவது நான்காவது பாசிகளுக்குள் மறுபடி நுழைந்து, அடுத்த நான்கு கோருங்கள். ஒவ்வொரு எட்டுப் பாசிக்கும் ஒருமுறை பின்பக்கம் சிறு முடிச்சுப் போடுங்கள். எங்காவது நூல் அறுந்தால் எட்டோடு நிற்கும். உங்கள் பையில் வரிசையாக உதிர்வதற்குக் காரணம், தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் முடிச்சு இருப்பது.

தையல் கோட்டிலிருந்து முக்கால் இன்ச் உள்ளே வரை மட்டும் பாசி இருக்கட்டும். அதற்கு வெளியே இருந்தால் மிஷினின் பூட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) அதன்மேல் ஏறி, பாசியும் உடையும், ஊசியும் ஒடியும். விளிம்பு வரை டிசைன் வேண்டுமென்றால் அந்தக் கடைசி முக்கால் இன்ச்சை நூல் எம்பிராய்டரியில் முடியுங்கள்.

பின்பாகத்தில் பாசியே வேண்டாம். அந்தப் பக்கம் இடுப்போடு உரசிக்கொண்டே இருக்கும். பாசி உதிர்வது ஒரு பக்கம், உடுத்திய சேலையின் இழையையும் இழுத்துவிடும். அடியிலிருந்து 3 இன்ச் வரையும் வெறுமையாக விடுங்கள், பையைத் தரையில் வைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த இடம்.

ஒட்டும் கற்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம்: பையில் அவை நிற்காது. ஜீன்ஸின் சாய்வரி நெசவு மேடுபள்ளமானது, பசை மேட்டில் மட்டும் பிடிக்கும். பை மடங்கும், பசை மடங்காது. ஓரத்தில் துளை உள்ள, தைக்கும் வகைக் கற்களை வாங்குங்கள். வட்டக் கண்ணாடிக்கு நான்கு பக்கமும் குறுக்கு நூல் போட்டுச் சட்டம் கட்டி, அதைச் சுற்றிக் காஜாத் தையல் போடுங்கள். ஜீன்ஸின் நீலத்தில் எம்பிராய்டரி நூல் இரண்டு இழை மங்கிப் போகும், நான்கு இழையாவது வேண்டும்.

பாசி எவ்வளவு வாங்குவது என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து: 11-ஆம் நம்பர் பாசி ஓர் இன்ச்சுக்குப் பதினெட்டு போலப் பிடிக்கும். 60 இன்ச் கோட்டு வேலைக்கு ஆயிரத்துச் சொச்சம் பாசி. 10 கிராம் பாக்கெட் ஒன்று மட்டுமட்டாக இருக்கும், இரண்டு வாங்கினால் தாராளம்.

கேள்வி: வீட்டில் காலால் மிதிக்கும் பழைய மிஷின். ஜீன்ஸ் வைத்தால் ஊசி ஒடிகிறது, அல்லது தையல் விட்டு விட்டு விழுகிறது. பவர் மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, பள்ளத்தூர்

வேண்டாம். நல்ல நிலையில் உள்ள மிதி மிஷின் ஆறு மடிப்பு வரை தைக்கும். பெரும்பாலும் ஊசிதான் காரணம். பிளவுஸ் தைக்கும் 14-ஆம் நம்பர் ஊசியோடு ஜீன்ஸில் இறங்கக் கூடாது. 16 போடுங்கள், பட்டை சேரும் இடத்துக்கு 18. ஒரு பைக்கு ஒரு புது ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய ஊசி துணியைத் துளைக்காமல் கீழே அமுக்கும், அந்த நேரத்தில் கீழ் நூல் சுற்றிய பாபினின் கொக்கி மேல் நூலைப் பிடிக்கத் தவறும். தையல் விட்டுப் போவதற்குக் காரணம் அதுதான்.

தையல் நீளம் இன்ச்சுக்கு ஏழு அல்லது எட்டு. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்துப் பன்னிரண்டு பதினான்கு வைக்கிறார்கள். தடித்த துணியில் அது கோடு கிழித்த தாள் போலாகி, அந்த வரியிலேயே கிழியும்.

மஞ்சள் நிற ஜீன்ஸ் நூல் போட ஆசையாக இருந்தால் மேலே மட்டும் போடுங்கள், பாபினில் சாதா பாலியெஸ்டர் நூல். கீழ் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) கொஞ்சம் தளர்த்துங்கள். மேல் நூல் அடியில் வளையம் வளையமாகத் தொங்கினால் இறுக்குங்கள்.

தடித்த தையலைத் தாண்டும் இடத்தில் பூட் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஊசி சாயும், ஒடியும். ஜீன்ஸ் துண்டு ஒன்றை அதே உயரத்துக்கு மடித்துப் பூட்டின் பின்பகுதிக்குக் கீழே செருகினால் பூட் மட்டமாக நிற்கும். அந்த நாலைந்து தையலைக் காலால் மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றியே போடுங்கள். அதற்கு முன் அந்தத் தடிப்பைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் பாதியாகப் படியும். தட்டுவதற்கு மரக்கட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) பதித்த தரையில் வைத்துத் தட்டிவிடாதீர்கள்.

பாக்கெட் மூலையில் உள்ள செம்பு ரிவெட்டின்மேல் ஊசி பட்டால் எந்த நம்பரும் தாங்காது. அதைச் சுற்றி அரை இன்ச் விட்டே தையுங்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல்லில் உள்ள பூ டிசைனைப் பையில் கொண்டுவர ஆசை. அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டுகள் இருக்கின்றன. ஜீன்ஸ் சாயம் அதில் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, கானாடுகாத்தான்

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆத்தங்குடிக் கல் செய்யும்போது கண்ணாடித் தட்டின்மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, அதன் ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு நிறம் ஊற்றுகிறார்கள். அதனால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தெளிவான எல்லையோடு நிற்கும். துணியை வெட்டி ஒட்டுத் தையல் போடுவதற்கு இதைவிடத் தோதான டிசைன் கிடையாது. ஓர் அறைக்கு ஒரு துண்டு.

முதலில் சாயம். ஜீன்ஸ் நெசவில் நெடுக்கிழைக்குத்தான் அவுரி நீலம், குறுக்கிழை வெள்ளை. அந்த நீலமும் நூலின் மேல்புறத்தில் படிந்திருக்குமே ஒழிய நடுவரை ஊறாது. வெட்டிய நூலின் முனையைப் பாருங்கள், நடு வெளுப்பாக இருக்கும். அதனால்தான் உரச உரச நீலம் விடுகிறது. உப்பு, வினிகர் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள், அவுரியில் அது பலிக்காது. பல வருடம் துவைத்த ஜீன்ஸ் என்றால் விட வேண்டியதை விட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை அழுத்தித் தேயுங்கள். நீலம் ஏறினால் தனியாக இரண்டு மூன்று முறை துவைத்து மறுபடி தேய்த்துப் பாருங்கள். அப்போதும் ஏறுகிறதா, அந்த ஜீன்ஸை வெளிர் நிறத் துணியோடு சேர்க்காதீர்கள். அரக்குச் சிவப்பும் கருப்பும் உள்ள கண்டாங்கிக்கு அது பெரிய தொல்லை இல்லை, மஞ்சள் துண்டில் பளிச்சென்று தெரியும்.

கண்டாங்கித் துண்டையும் துவைத்துச் சுருங்கவிட்டு அயர்ன் செய்யுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; வீட்டில் இருக்கும் பழைய சேலையை வெட்டுமுன் யோசியுங்கள். கிழியாத சேலை என்றால் உடுத்துங்கள், முந்தி நைந்து போனதை மட்டும் பைக்கு எடுங்கள்.

டிசைனுக்கு முழுப் பூவையும் வரைய வேண்டாம். கால் பூவை 3 இன்ச் சதுர அட்டையில் வரைந்து, அதை நான்கு பக்கமும் திருப்பி வைத்தால் 6 இன்ச் பூ வந்துவிடும். ஒவ்வோர் இதழுக்கும் அட்டை வெட்டி, துணியை அதைவிடக் கால் இன்ச் பெரிதாக வெட்டி, அட்டையின் மேல் ஓரத்தை மடித்து அயர்ன் செய்து, அட்டையை உருவிவிடுங்கள். வளைவான ஓரத்தில் சிறு சிறு வெட்டுக் கொடுத்தால்தான் மடிப்பு படியும். நைந்த துணியாக இருந்தால் பின்னால் மெல்லிய ஃபியூசிங் (அயர்ன் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டிய பிறகே வெட்டுங்கள். ஓரத்தை ஒட்டி மிஷினில் ஒரு தையல், அதன்மேல் காம்புத் தையலோ ஒரு வரிசைப் பாசியோ போட்டால் கல்லில் தெரியும் எல்லைக்கோடு போலவே அமையும். கண்டாங்கிக் கட்டத்தின் கோடுகள் எல்லா இதழிலும் ஒரே திசையில் ஓடட்டும். இதில் அலட்சியமாக இருந்தால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பூ கலைந்து தெரியும்.

கேள்வி: ஆரி வேலை தெரியும். ஜீன்ஸில் போடலாமா?
– வாசகி, புதுவயல்

தடித்த ஜீன்ஸில் ஆரி ஊசியின் கொக்கி இழையில் மாட்டும், விரலும் வலிக்கும். சட்டை தைக்கும் மெல்லிய டெனிமில் போடலாம். பைக்கு எங்கள் யோசனை: ஒரு காட்டன் பட்டுத் துண்டைக் கட்டைச் சட்டத்தில் மாட்டி, வேலையை அதில் முடியுங்கள். சுற்றிலும் அரை இன்ச் மடித்து அந்தத் துண்டையே ஜீன்ஸின் மேல் வைத்துத் தைத்துவிடுங்கள். பை நைந்தாலும் வேலைப்பாட்டைப் பிரித்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: தோள் பட்டை பிய்ந்து வரும்போது பையின் துணியையும் கிழித்துக்கொண்டு வருகிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய பித்தளை வளையம் மாட்டியிருந்தேன்.
– வாசகி, கோட்டையூர்

பட்டையை எதில் தைத்தீர்கள் என்பதுதான் விஷயம். ஒற்றைத் துணியில் ஒரு வரித் தையலாகத் தைத்தால் முழு எடையும் அந்தத் துளைகளில் தொங்கும். ஜீன்ஸுக்குப் பேர்போன ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873-இல் பேட்டன்ட் வாங்கியது ரிவெட்டுக்குத்தான். துணி பலமாக இருந்தும் பாக்கெட் மூலை போன்ற இழுபடும் இடத்தில் கிழிந்ததால் அங்கே உலோகம் வைத்தார்கள். பையில் அப்படி இழுபடும் இடம் பட்டையின் அடி.

தொடையில் எடுத்த 15 இன்ச் பட்டைகளை இரண்டிரண்டாகச் சரிவாக இணையுங்கள். நேராக இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் குவியும். ஏறக்குறைய 27 இன்ச் கிடைக்கும். இரு ஓரமும் அரை இன்ச் உள்ளே மடித்தால் 1 இன்ச் அகலம். அதை ஒன்றேகால் இன்ச் காட்டன் நாடாவின் மேல் வைத்து இருபக்கமும் தையுங்கள். ஜீன்ஸையே நான்காக மடித்துப் பட்டை செய்யாதீர்கள், பையோடு சேரும் இடத்தில் வீட்டு மிஷின் திணறும். பட்டையின் நுனியையும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள்.

முன் பாகத்துக்கு ஒரு பட்டை, பின் பாகத்துக்கு ஒரு பட்டை. பக்க ஓரத்திலிருந்து 3 இன்ச் தள்ளி, பின்னால் 2க்கு 3 அளவில் ஒரு ஜீன்ஸ் துண்டு தாங்கலாக வைத்து, மேல் விளிம்பிலிருந்து 1 இன்ச் கீழே தொடங்கி ஒன்றரை இன்ச் உயரத்துக்குப் பெட்டியும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையுங்கள். வாயில் லைனிங் இணைக்கும்போது பட்டையைக் கீழே மடக்கி ஊக்குக் குத்தி வையுங்கள். மறந்தால் தையலில் பட்டை மாட்டிக்கொள்ளும், முழுவதும் பிரிக்க நேரும்.

பித்தளை வளையம் அழகுதான், ஆனால் பழைய வளையங்கள் கனம். பைக்குள் எதுவும் வைக்காமலே பட்டையில் எடை ஏறும். சிறியதாக ஒன்று போதும். புளி போட்டுத் தேய்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்துப் பிறகு மாட்டுங்கள். களிம்பு ஏறிய வளையம் பட்டைத் துணியில் பச்சைக் கறை விடும். துணி படும் உள்பக்கத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிப்பது உதவும்.

கேள்வி: கொட்டான் (ஓலைக் கூடை) வடிவத்தில் சிறு பை தைக்க முடியுமா? நவராத்திரிக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க.
– வாசகி, குன்றக்குடி

முடியும். ஓலைக் கொட்டானின் அழகே அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருப்பது. ஜீன்ஸில் அதே தந்திரம் எளிதாக வரும். அடிக்கு 7க்கு 7 சதுரம், தைத்தபின் 6க்கு 6. சுற்றுக்கு 25 இன்ச் நீளம், 7 இன்ச் உயரம். ஒரே நீளமாகக் கிடைக்காவிட்டால் இரண்டு பதின்மூன்றாக வெட்டி இணையுங்கள். இரண்டு தையலிலும் அரை அரை இன்ச் போய், சுற்றளவு 24 நிற்கும். அதை நான்காக மடித்து ஒவ்வொரு 6 இன்ச்சிலும் அடிப்பக்கம் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வெட்டுக் கொடுங்கள். அந்த வெட்டு சதுரத்தின் மூலையில் விரிந்துகொடுக்கும். வெட்டாமல் மூலையைத் திருப்ப முயன்றால் அங்கே சுருக்கம் விழும். மேலே எதுவும் செய்ய வேண்டாம், வாய் தானாகவே ஏழரை இன்ச்சுக்கும் சற்றுக் கூடுதலான விட்டத்தில் வட்டமாகும். அதில் ஒரு வரிசைப் பாசி ஓரம் போதும். உள்ளே கண்டாங்கி லைனிங்கை 4 இன்ச் உயரமாக நீட்டி நாடா கோத்தால் சுருக்குப் பை மாதிரி மூடிக்கொள்ளலாம், தேங்காய் உருளாது.

சுற்றுத் துண்டைச் சதுரத்தோடு தைக்கும்போது வெட்டுக் கொடுத்த துண்டு மேலே இருக்கட்டும். ஒவ்வொரு மூலையிலும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, பூட்டைத் தூக்கித் திருப்புங்கள்.

கேள்வி: இழுத்தால் நீளும் ஜீன்ஸ் பைக்கு ஆகுமா? ஓரத்தில் குஞ்சம் விடுவது எப்படி?
– வாசகி, திருப்பத்தூர்

லேபிளில் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று ஏதாவது இருந்தால் அது அகலவாக்கில் நீளும். உள்ளே கேன்வாஸ் ஒட்டாமல் தைத்தால் ஒரு கிலோ சாமான் வைத்ததும் வயிறு தள்ளும். பட்டையை மட்டும் நீளவாக்கில் வெட்டினால் பெரும்பாலும் நீளாது. இந்தத் துணியில் ஓரத்தை அடக்கிய சிறு பவுச் தைப்பது நல்லது, பாசி வேலைக்கு எடுக்க வேண்டாம்.

குஞ்சத்துக்கு நீளாத காட்டன் ஜீன்ஸ்தான். வேண்டிய நீளத்தில் முதலில் ஒரு மிஷின் தையல் போட்டுவிடுங்கள், இழை உருவுவது அதோடு நிற்கும். காலின் கீழ் விளிம்பில் குறுக்கே ஓடும் வெள்ளை இழைகளை உருவினால் நீலக் குஞ்சம் கிடைக்கும். பக்கவாட்டு விளிம்பில் நெடுக்கே ஓடும் நீல இழைகளை உருவினால் வெள்ளைக் குஞ்சம். இரண்டையும் ஒரே பையின் மூடியில் அடுக்கினால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

கேள்வி: பாசி வைத்த பையைத் துவைக்கலாமா?
– வாசகி, பொன்னமராவதி

மிஷினில் போட வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கொஞ்சம் கரைத்து ஐந்து நிமிடம் அலசுங்கள். ஊறப்போட்டால் நீலம் கண்டாங்கியில் இறங்கும். முறுக்கிப் பிழியாமல் ஒரு துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் வாய் கீழாகத் தொங்கவிடுங்கள். அயர்ன் செய்வதென்றால் பாசிப் பக்கம் கீழே வரும்படி தடித்த துவாலையின் மேல் கிடத்தி, பின்பக்கத்திலிருந்து செய்யுங்கள்.